நாலாவது பணிஸ்

திருக்கடலூர்,
திருகோணமலை.
18.03.2024

அன்பு மகள் கௌசிகாவுக்கு,

நீயும் மருமகனும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பத்திரகாளி அம்மாள் துணை நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், இந்த முறை அந்த வரியை விட்டுவிட்டேன். கிழமைக்கு இரண்டு தரம் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்கு இப்போதே நெஞ்சு இடித்திருக்கும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மகள், ஒரு கிழமையாக முயற்சி செய்து பார்த்துவிட்டேன், உன் முகத்தைக் கண்டதும் வேறு எதையாவது கதைத்துவிடுகிறேன். உன்னோடு படித்த பிரசாந்தினி, இப்போது டீச்சர், தங்கச்சியைப் பார்க்க லண்டன் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். மருமகன் கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் பிள்ளையைத் தொட்டிலில் வளர்த்தி நித்திரையாக்கிவிட்டு உனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் இதைத் தருவார். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த இடத்தில் மடித்து வைத்துவிடு.

உன் தம்பி கஜீபன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பெப்ரவரி மாதம் மூன்றாம் திகதி கொட்பே துறைமுகத்திலிருந்து கிண்ணியா முனீப் நானாவின் பெரிய போட்டில் போனான். அவனும், முனீப் நானாவின் தம்பி நஸ்ரியும், சம்பூர்க்காரர் ஒருவரும், மூன்று பேர். பத்து நாளில் வருவதாகத்தான் ஐஸும் டீசலும் ஏற்றினவர்கள். ஒன்பதாம் திகதி பின்னேரம் நஸ்ரி வயர்லசில் வேறொரு போட்டுக்காரரோடு கதைத்திருக்கிறான், காற்று எழும்புது, எஞ்சின் இழுக்குதில்லை என்று. அதுதான் கடைசி. நேவி தேடினது, விமானம் போனது, முனீப் நானா இருக்கிற போட்டுக்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு தானும் போய்த் தேடினார், ஒருவரும் கிடைக்கவில்லை. இதைத்தான் உனக்கு ஒளித்தோம். நீ பிறஷர் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாய், ஏற்கனவே ஒன்று தங்காமல் போனவள், டொக்டர் ஒரு சின்ன அதிர்ச்சியும் கூடாது என்று சொன்னதாக மருமகன் சொன்னார். நான்தான் அவரிடம் கெஞ்சிக் கேட்டேன், பிள்ளை பிறந்து உடம்பு தேறும்வரை சொல்ல வேண்டாம் என்று. உன் போனிலிருந்து பேஸ்புக்கை எடுத்ததும் அதற்காகத்தான், கண்ணுக்குக் கூடாது என்று அவர் சொன்னது பொய். அவரோடு கோபிக்காதே, கோபம் வந்தால் என் மேல் காட்டு. கஜீபன் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான், போன் கடலில் விழுந்துவிட்டது என்று உனக்குச் சொன்னதெல்லாம் நான் கட்டிவிட்ட கதை. பேத்தியின் படத்தை அனுப்பினேன், இன்னும் பார்க்கவேயில்லை, மருமகள் பிறந்ததுகூட அவனுக்குப் பெரிசில்லை, அவனோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று நீ போன கிழமை சொன்னாயே, அன்றைக்கு நான் லைன் போய்விட்டது மாதிரி போனை நிற்பாட்டிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்தேன். அவனோடு கோபம் வேண்டாம் மகள்.

இனி நான் சொல்லப்போவது அந்த மீன் பர்கர் கதை. நீ ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டு வந்து, உப்புக் குறைவு, எண்ணெய் குறைவு, அப்பாவின் நெஞ்சுக்கு நல்லது, இரவுச் சாப்பாட்டுக்கு இதையும் கொஞ்சம் பச்சைக் காய்கறிச் சலாதையும் கொடுங்கள் என்று வீடியோ அனுப்பினாயே, அதுதான். ஒவ்வொரு ஞாயிறும் செய்தீங்களா செய்தீங்களா என்று கேட்டாய். நானும் செய்தேன், அப்பா விரும்பிச் சாப்பிட்டார் என்றேன், அதுவும் பொய். அப்பா வயர்லஸ் நின்ற நாளிலிருந்து மீனைத் தொடவேயில்லை. சோறும் பருப்பும் கீரையும், சில நாள் புட்டும் வாழைப்பழமும், அவ்வளவுதான். மீன் சட்டியைப் பக்கத்தில் வைத்தால் கையால் மெதுவாகத் தள்ளிவிடுவார். மருந்துக்கு வாய் கசக்கிறதாக்கும் என்று நினைத்தேன். தாடியும் வழிக்கவில்லை, கேட்டால் கை நடுங்குது என்றார், அதையும் நம்பினேன். நான் அவரை விட மூன்று வயது இளையவள், இந்தக் குடும்பத்தில் புத்திசாலி நான்தான் என்று முப்பத்தைந்து வருடமாக எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள், எனக்கு விளங்கவில்லை.

விளங்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நான் அந்த நாட்களில் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு நாள் தவறாமல் மீன் சமைத்தேன். சூடை, கீரி, பாரை, கிடைத்தது எதுவென்றாலும் வாங்கினேன். மச்சச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் செத்த வீடு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை மீன், இறைச்சி எந்த மச்சமும் காய்ச்சமாட்டோம், முடிந்த அன்று செத்தவருக்கு மச்சம் படைத்துவிட்டுத்தான் தின்போம் என்று உனக்குத் தெரியும், உன் பெரியப்பாவுக்குக்கூட அப்படித்தானே இருந்தோம். நான் ஒரு நாள் மீனை நிற்பாட்டினால் என் பிள்ளை செத்துப்போனான் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் பக்கத்து வீட்டுக்கு மணக்கட்டும் என்று வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்துப் பொரித்தேன். போட் பழுதாகி அந்தமானுக்கு ஒதுங்கினவர்கள் இருக்கிறார்கள், பர்மாவில் பிடித்து வைத்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் பெயர் ஊர் எல்லாம் விசாரித்து எழுதி அலுமாரிக்குள் வைத்திருந்தேன். பேத்தி பிறந்த அன்று வீடு வீடாகப் போய்க் கற்கண்டு கொடுத்தேன், சனம் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தது. அதற்கு நாலாம் நாள் சம்பூர்க் கரையில் ஒதுங்கியதென்று ஒரு ஐஸ் பெட்டி மூடியை முனீப் நானா கொண்டுவந்தார், போட்டின் நம்பர் அதில் எழுதிக் கிடந்தது. எந்தப் போட்டிலிருந்தும் மூடி கழன்று விழும், மூடி வந்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தமா என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் நஸ்ரிக்கு அப்போதே செத்தவர்களுக்கான துஆ ஓதி முடித்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டிருந்த ஆத்திரத்தில், உங்கட தம்பியை நீங்க மண்ணுக்கு அனுப்பிக்கொள்ளுங்க, என்ர பிள்ளைக்கு நாள் குறிக்க வராதீங்க என்று வாசலில் வைத்துக் கத்திவிட்டேன். அந்த மனிதன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அப்பா அந்த மூடியைக் கழுவிக் குசினிக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்தார்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, பத்தாம் திகதி. விடிய எழும்பி அப்பா கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு வருகிறேன், கால் வீக்கத்துக்கு நல்லது என்றார். தனியாகவா போகிறீர்கள் என்றேன், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வாறது தானே என்றார். மத்தியானம் வந்தவரைப் பார்த்தால் முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. கன்னத்தில் ஒரு இடத்தில் பிளேட் கீறியிருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மனுஷன் தேறிவிட்டார், பிள்ளை வருவான் என்று அவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். கன்னியாவுக்கு இந்த ஊர்ச் சனம் வேறு எதற்குப் போகிறது என்பது என் மண்டைக்குள் வரவேயில்லை. முப்பத்தோராம் நாள் கருமம் செய்ய அங்கேதானே போவார்கள், உன் பெரியப்பாவுக்கும் அங்கேதானே செய்தது. நாள் எண்ணக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவளுக்கு அன்று எத்தனையாம் நாள் என்று எப்படித் தெரியும்?

அந்தச் சந்தோஷத்தில், இன்றைக்கு மகள் சொன்ன சாப்பாட்டைச் செய்து கொடுக்கிறேன் என்று நானே சந்தைக்கு ஓடினேன். நல்ல பாரை ஒன்று கிடைத்தது, கண் தெளிவாக, செவுள் சிவப்பாக. பேக்கரியில் நீ சொன்ன ஆட்டா மா பணிஸ் ரொட்டி இல்லை, வெள்ளைப் பணிஸ்தான், அதை மன்னித்துக்கொள். மீனை மஞ்சள் போட்டு அவித்து முள் எடுத்து உதிர்த்தேன். ஒரு உருளைக்கிழங்கு, பொடியாக வெட்டின வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுதூள், தேசிக்காய்ப் புளி, றஸ்க்தூளுக்குப் பதிலாக நீ சொன்னபடி ஓட்ஸ், உப்பு விரல் நுனியில் எடுத்தது அவ்வளவுதான். உருட்டித் தட்டும்போது சிரிப்பும் வந்தது. கஜீபன் உப்புவெளி ஹோட்டலில் முதல் சீசன் வேலை செய்தபோது வெள்ளைக்காரருக்குப் போடுகிற பர்கர் என்று இதைத்தானே ஒரு பெட்டியில் கொண்டுவந்தான், அப்பா திறந்து பார்த்துவிட்டு, எங்கட கட்லட்டுக்குத் தொப்பி போட்டு விக்கிறானுகள் என்று சொல்லிச் சொல்லி இரண்டைச் சாப்பிட்டார். சித்திரையில் ஹோட்டல் திறக்கும்போது அவன் அங்கேதான் நின்றிருப்பான். சீசன் இல்லாத மாதங்களில் வீட்டில் சும்மா இருக்க ஏலாது என்றுதான் போட்டுக்குப் போனான், நானும் போகச் சொன்னேன். படுத்துக் கிடக்காமல் போய் நாலு மீன் பிடியன் என்று சொன்னது நான்தான். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

எண்ணெயில் போடாமல் தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் வாட்டினேன். கெக்கரிக்காய், தக்காளி, வெங்காயம் மெல்லிசாகச் சீவி, வல்லாரையை அரிந்து போட்டு தேசிக்காய் பிழிந்தேன், பூசுவதற்கு மயோனைஸ் என்கிற அந்த வெள்ளைக் களி வேண்டாம் என்றாயே, கிளிவெட்டி ஊர்த் தயிரை வடித்து உள்ளிப்பூண்டு தட்டிப் போட்டேன். உன்னுடைய அளவு நாலு பேருக்கான அளவு, அதைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை, நாலு பணிஸ் வந்தது. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, காலையில் அப்பாவுக்கு இன்னொன்று, நாலாவது இருக்கட்டும், திடீரென்று வந்து நின்றால் அவனுக்குப் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டே மூடி வைத்தேன். அப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு கூடச் சமைத்தேன்.

பொழுது படுகிற நேரம் அப்பாவின் முன்னால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தேன். மச்சமா என்று கேட்டார். ஓம், பாரை, உங்கட மகள்தான் செய்யச் சொன்னவள் என்றேன். பிறகு எழும்பிப் பின்னால் போய் ஒரு வாழையிலை வெட்டிக் கழுவிக்கொண்டு வந்தார். மற்றது எங்கே என்று கேட்டுத் தானே மூடியைத் திறந்து நாலாவது பணிஸை எடுத்தார். தம்பி எப்போதும் சாய்ந்துகொண்டு போன் நோண்டுகிற அந்தக் கதிரைக்கு முன்னால் நிலத்தைத் துடைத்து இலையைப் போட்டு, பணிஸை வைத்து, பக்கத்தில் சலாதைக் குவித்து, ஒரு செம்பு தண்ணீரும் வைத்து விளக்கைக் கொளுத்தினார். நான் என்ன இது என்று கேட்டேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் நம்புவாயா? அப்பா என்னைப் பார்க்காமல், "இண்டையோட முப்பத்தொண்டு முடிஞ்சுது. காலமை கன்னியாவில எல்லாம் செய்திட்டன். மச்சம் படைக்க உம்மட்டை எப்பிடிக் கேக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான், நீரே சமைச்சு வச்சிருக்கிறீர்" என்றார்.

நான் நல்ல பெண் மாதிரி அழவில்லை மகள். பேய் பிடித்தவள் மாதிரி அந்த இலையைப் பிடித்து இழுத்தேன். யாரைக் கேட்டுச் செய்தீர்கள், அவன் வந்தால் என்ன முகத்தோடு பார்ப்பீர்கள், தகப்பனா நீங்கள் என்றெல்லாம் கேட்டேன், அதைவிட மோசமாகவும் சொன்னேன், அதை எழுதமாட்டேன். அவர் தடுக்கவில்லை. இழுத்த இழுப்பில் செம்பு சரிந்து தண்ணீர் ஓடியது, அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து நிலத்தைத் துடைத்தார். குனிந்து துடைக்கிறவரின் கன்னத்தில் அந்தப் பிளேட் கீறல் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கை நடுங்குகிற மனுஷன், தனியாக பஸ் ஏறிப் போய், தன் பிள்ளைக்குத் தானே கருமம் செய்து, எனக்குத் தெரியக்கூடாது என்று கால் நோவென்று பொய் சொல்லி வந்திருக்கிறார். முப்பத்தொரு நாள் நான் சமைத்து வைத்த மீனைத் தள்ளித் தள்ளி, ஒரு நாளும் ஏன் என்று சொல்லாமல், நான் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அதை நினைத்ததும் பிடித்திருந்த இலையை விட்டுவிட்டேன்.

இலையைத் திரும்பவும் நேராகப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அப்பா சலாதைப் பக்கத்தில் வைத்திருந்தார். பக்கத்தில் வைத்தால் அவன் தொடமாட்டான் என்று அவருக்கு எங்கே தெரியும், சாப்பாடு போட்டது நான்தானே. ஹோட்டலில் ஊருக்கெல்லாம் சலாது வெட்டிக் கொடுத்தவன் வீட்டில் ஒரு பச்சை இலை தின்னமாட்டான், ஒளித்து வைத்தால்தான் உள்ளே போகும். பணிஸைத் திறந்து, கெக்கரிக்காயையும் வல்லாரையையும் தயிரோடு மீனுக்கு மேல் வைத்து மூடினேன். மூடி முடிந்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. என் பிள்ளைக்கு நான் படைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருவான் என்று எடுத்து வைத்த சாப்பாட்டை என் கையாலேயே படைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன், பக்கத்து வீட்டுச் சனம் வந்து நிறைந்தது, அவர்களும் ஒரு மாதமாக அழுகையை அடக்கி வைத்திருந்தார்கள் போல.

அப்பா அன்று மீன் சாப்பிட்டார், ஒன்றை முழுதாகச் சாப்பிட்டார், மகள் சொன்னது நல்லாத்தான் இருக்கு, உப்பு மட்டும் காணாது என்றார். என்னால் என் பங்கை வாயில் வைக்க ஏலவில்லை. விடிந்ததும் படைத்ததை மதிலில் வைத்தோம். காகம் வந்து பணிஸைப் பிரித்து மீனைத் தின்றுவிட்டு வல்லாரையைக் கொத்திக் கொத்திக் கீழே தள்ளிவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார், நானும் நின்றேன், இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு சிரிப்பு வந்து அப்படியே போய்விட்டது.

என் மனதைக் குத்துவது ஒன்றுதான். என் பிள்ளையின் சாவுத் துடக்குக் காத்து மச்சம் விலக்கியிருக்க வேண்டிய முப்பத்தொரு நாளும் நான் மச்சம் தின்றேன், அவன் கிடக்கிற கடலில் பிடித்த மச்சம். ஐயரிடம் கேட்டேன், தாய் தெரியாமல் செய்தது குற்றமில்லை என்றார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது மகள், வயர்லஸ் நின்ற அன்றே தெரிந்துதான் இருந்தது. அதனால் பதினோராம் திகதியிலிருந்து நான் என் கணக்கைத் தொடங்கியிருக்கிறேன். மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன், இன்று எனக்கு எட்டாம் நாள். அப்பாவுக்கு மீன் வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டில் சமைத்துத் தருகிறார்கள், அவர் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். நோன்பு தொடங்கியதிலிருந்து முனீப் நானா வீட்டிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கஞ்சி வருகிறது, எனக்காக இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சின கஞ்சி. நான் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பினேன், எனக்கும் உம்மா இருக்கா, அவவும் இப்பிடித்தான் கத்தினவ என்று சொல்லிவிட்டாராம்.

நீ உடனே பிளேன் ஏற நினைக்காதே. பச்சைப் பிள்ளையோடு வந்து நீ இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு மூடி மட்டும் இருக்கிறது. அழு, நன்றாக அழு, ஆனால் பால் கொடுக்கிற நேரத்தில் அழாதே, சாப்பிடாமல் இருக்காதே, பிறஷர் மருந்தை விடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது அப்பாவிடம் எதுவும் கேட்காதே, உனக்குத் தெரியும் என்று நான் அவருக்குச் சொல்லிவிடுவேன், பேத்தியின் முகத்தை மட்டும் காட்டு, அவருக்கு அது போதும். அவளுக்கு என்ன பெயர் வைப்பீர்களோ வையுங்கள், தம்பியின் பெயரை வைக்க வேண்டாம், அவள் அவளாக இருக்கட்டும். நூறு வயது அவள் வாழட்டும், நீயும் மருமகனும் அவளைக் கட்டிக் கொடுத்துப் பேரப்பிள்ளை கண்டு இருங்கள். அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு.

மறந்துவிடாதே மகள். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தம்பியின் துடக்கு மூன்று நாள், தாமதமாகக் கேள்விப்பட்டால் கேட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். இதை வாசித்த நாளிலிருந்து மூன்று நாளைக்கு மீன் சமைக்காதே, பால் குறையும் என்று பயப்படாதே, முருங்கையிலை கிடைத்தால் வறுத்துச் சாப்பிடு. நாலாம் நாள் அந்தப் பர்கரைச் செய். ஒன்று கூடச் செய். அதில் மட்டும் சலாதைப் பக்கத்தில் வைக்காதே, உள்ளே வைத்து மூடு.

உன்னை நினைத்தபடி,
அம்மா
நல்லம்மா யோகலிங்கம்